தூக்கத்தில் ஏறும் பிரஷர்

தோட்டத்து லயக் காம்பராவில் குறட்டை ஒருவரின் சொந்த விஷயமாக இருக்க முடியாது. பத்தடிக்குப் பன்னிரண்டடி என்ற பழைய கணக்கில் கட்டிய அறை. அதற்குள் அம்மா, அப்பா, பிள்ளைகள், பல வீடுகளில் பாட்டியும். நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த குடும்பம். யாருடைய குறட்டை இழுத்து இழுத்து வரும், யாருடையது சாமத்தில் நின்று நின்று போகும் என்பதெல்லாம் லயம் முழுக்கத் தெரியும். எஹலியகொடையிலும் தெரணியகலையிலும் அடைமழைக் காலமென்றால் தகரக் கூரையின் சத்தம் எல்லாவற்றையும் அமுக்கிவிடும். மற்ற இரவுகளில் கேட்காமல் இருக்க வழியில்லை. காலையில் பிள்ளைகள் அதைப் போலச் செய்துகாட்டிச் சிரிப்பார்கள். பேச்சு அதோடு முடிந்துவிடும்.

குறட்டையில் கவனிக்க வேண்டிய பகுதி, அது நிற்கும் பகுதி. உரத்துப் போய்க்கொண்டிருந்தது சட்டென்று அறுந்து, பத்து, இருபது, சிலவேளை நாற்பது விநாடி ஒரு சத்தமும் இல்லாமல் கிடந்து, பிறகு ஒரு திணறலோடு உடம்பைத் தூக்கிப்போட்டு மறுபடி தொடங்கும். பக்கத்தில் படுத்திருப்பவர் பயந்து தட்டி எழுப்பியிருப்பார். எழுப்பப்பட்டவர், "நல்லாத்தானே தூங்கினேன்" என்று திரும்பிப் படுப்பார். ஸ்லீப் அப்னியா என்று மருத்துவர்கள் சொல்லும் உறக்க மூச்சுத்தடை இதுதான். அந்தச் சத்தமில்லாத விநாடிகளில் தொண்டை மட்டும் அடைபடுவதில்லை. இரத்த அழுத்தம் குலைகிறது, நாடிகளின் சுவர் அடி வாங்குகிறது, அடுத்த நாள் கிளினிக்கில் ஏறும் எண்ணுக்கு அங்கேயே விதை விழுகிறது.

இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களில் பிரஷர் பார்ப்பது எப்போதும் பகலில்தான். தோட்ட டிஸ்பென்சரியிலோ, பலாங்கொடை, கஹவத்தை, எட்டியாந்தோட்டை போன்ற ஊர்களின் அரசாங்க ஆஸ்பத்திரி கிளினிக்கிலோ வரிசையில் நின்று, நாற்காலியில் உட்கார்ந்து, கையில் பட்டியைக் கட்டினால் ஓர் எண் வரும். கிளினிக் கொப்பியில் அதை எழுதுவார்கள். கூடியிருந்தால் குளிசையும் கூடும். இரண்டு மூன்று வகைக் குளிசை குடித்தும் இறங்காதவர்கள் ஒவ்வொரு கிளினிக்கிலும் இருக்கிறார்கள். ஒழுங்காகக் குடிப்பதில்லை என்று அவர்களுக்கு ஏச்சும் விழும். சிலர் விஷயத்தில் அந்த ஏச்சு நியாயம். இன்னும் சிலருக்குப் பிரஷர் ஏறுவது ஒருவரும் அளக்காத நேரத்தில், அவர்கள் பாயில் கிடக்கும்போது.

ஆரோக்கியமான உடம்பில் இரவு என்பது நாடிகளுக்கு ஓய்வு நேரம். ஆழ்ந்து தூங்கும்போது, உடம்பைப் பரபரப்பாக்கும் பரிவு நரம்புகள் அடங்கும், இதயத் துடிப்பு குறையும், குழாய்கள் தளரும். பகலைவிட அழுத்தம் 10 முதல் 20 சதவீதம் இறங்கும். பகலில் 130 இருப்பவருக்குத் தூக்கத்தில் 110 அளவில் இருக்க வேண்டும். நாள் முழுக்கக் கையில் கட்டியிருக்கும் கருவியால் இதை அளக்கலாம் என்று ஆனபிறகு, அயர்லாந்தின் இயோயின் ஓ'பிரையனும் சகாக்களும் 1988இல் நோயாளிகளை இரவில் இறங்குபவர், இறங்காதவர் என்று இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். இறங்காதவர்களிடையே பக்கவாதம் வந்தவர்கள் அதிகம். ஜப்பானின் ஒஹசாமா என்ற கிராமப்புற ஊரில் மக்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 2002இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கூர்மையானது. இரவுச் சரிவு ஒவ்வொரு 5 சதவீதம் குறையும்போதும், இதயம், இரத்தக் குழாய் நோய்களால் சாகும் அபாயம் ஏறக்குறைய 20 சதவீதம் கூடியது. 24 மணி நேரச் சராசரி சரியாக இருந்தவர்களிடமும் இந்தப் போக்கு தெரிந்தது. இன்று மருத்துவ வழிகாட்டல்கள் தூக்கத்துக்கென்று தனி எல்லையே வைத்திருக்கின்றன. பகலில் சராசரி 135/85ஐத் தாண்டினால் உயர் அழுத்தம். தூக்கத்தில் 120/70ஐத் தாண்டினாலே உயர் அழுத்தம்.

இரவில் அழுத்தம் இறங்காமல் போக வேறு காரணங்களும் உண்டு. சிறுநீரக நோய், நரம்புகளைக் கெடுத்துவிட்ட நாட்பட்ட சீனி வருத்தம், முதுமை, அளவுமீறிய உப்பு. உறக்க மூச்சுத்தடை அவற்றுள் ஒன்று. ஆனால் மற்ற காரணங்கள் சரிவைத் தடுப்பதோடு நிற்க, இது அழுத்தத்தை இரவு முழுக்க ஏற்றி இறக்கி அலைக்கழிக்கிறது.

நாக்குக்குப் பின்னால் உள்ள மூச்சுப் பாதையை விறைப்பாகத் தாங்க எலும்போ குருத்தெலும்போ இல்லை. தசைகள் இழுத்துப் பிடித்துத்தான் அது திறந்திருக்கிறது. தூங்கினால் அந்தத் தசைகள் தளரும். பாதை முன்பே குறுகலாக இருந்தால், தளர்ந்த சதை காற்றில் அதிர்ந்து குறட்டையாகும். சுவரோடு சுவர் ஒட்டிக்கொண்டால் மூச்சு நிற்கும். 10 விநாடிக்குக் குறையாமல் மூச்சு நின்றாலோ வெகுவாகத் தேய்ந்தாலோ ஒரு நிகழ்வு என்று கணக்கு. மணிக்கு 5க்குக் குறைந்தால் சாதாரணம். 15ஐத் தாண்டினால் மருத்துவர் கவனிக்க வேண்டும். 30ஐத் தாண்டினால் கடுமை, அதாவது ஏழு மணி நேரத் தூக்கத்தில் இருநூறு தடவைக்கு மேல்.

ஒவ்வொரு தடவையும் நடப்பது இது. தொண்டை அடைத்திருப்பது தெரியாமல் நெஞ்சு மூச்சை இழுக்கிறது. காற்று வராததால் நெஞ்சறைக்குள் அழுத்தம் கிடுகிடுவென்று விழுகிறது. அந்த உறிஞ்சல் இதயத்தின் சுவரையும் பெருநாடியையும் வெளிப்பக்கமாக இழுக்க, அந்த இழுப்பை மீறி இதயம் சுருங்க வேண்டியிருக்கிறது. கூடவே இதயத்தின் மேலறை விரிந்துபோகிறது. மேலறை விரிந்தால் உடம்பு அதை 'நீர் கூடிவிட்டது' என்று எடுத்துக்கொண்டு, சிறுநீரைக் கூட்டும் ஹார்மோனைச் சுரக்கும். உறக்க மூச்சுத்தடை உள்ளவர்கள் இராத்திரியில் மூன்று நாலு தடவை சிறுநீருக்கு எழும்புவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கழிப்பறை வெளியே இருக்கும் லயத்தில், மழையிலும் அட்டைக்கடியிலும் அது சின்னத் துன்பமல்ல. சீனி வருத்தமாக இருக்குமோ என்று போய்ச் சோதிப்பார்கள். சீனி இல்லை என்று வந்ததும் சந்தோஷமாகத் திரும்பிவிடுவார்கள். அந்தக் கேள்வி அங்கேயே கைவிடப்படும்.

இதற்கிடையில் இரத்தத்தில் ஒட்சிசன் இறங்குகிறது. கழுத்து நாடி இரண்டாகப் பிரியும் இடத்தில், சில மில்லிமீற்றர் அளவில், கரோட்டிட் சிற்றுறுப்பு என்று ஒன்று இருக்கிறது. ஒட்சிசன் குறைவதை உடம்புக்கு அறிவிப்பது அதுதான். அதைக் கண்டு சொன்ன பெல்ஜியத்தின் கோர்னேய் ஹேமான்ஸ் 1938ஆம் ஆண்டின் நோபல் பரிசு பெற்றார். அந்த அறிவிப்பு போனதும் பரிவு நரம்புகள் கை, கால், குடல் நாடிகளை இறுக்குகின்றன. ஒட்சிசன் இருதயத்துக்கும் மூளைக்கும் மிஞ்ச வேண்டும் என்ற ஏற்பாடு அது. பிறகு மூளை திடுக்கிட்டு அரைகுறையாக விழிக்கிறது, தொண்டை திறக்கிறது, காற்று பாய்கிறது, இதயம் வேகமெடுக்கிறது. நாடிகளோ இன்னும் இறுகியே இருக்கின்றன. இறுகிய குழாய்க்குள் இரத்தம் அடித்துக்கொண்டு போகும் அந்தக் கணத்தில்தான் பிரஷர் எகிறுகிறது. கடுமையான நோய் உள்ள சிலரில் மேல் எண் 200ஐயும் தாண்டும். 1995இல் அமெரிக்காவில் வீரெண்ட் சோமர்ஸ் குழு, தூங்கும் நோயாளிகளின் கால் நரம்பில் நுண்ணூசி செருகி இந்தப் பரபரப்பை நேரடியாகவே பதிவுசெய்தது. அவர்களுடைய நரம்புகள் விழித்திருக்கும்போதும் அடங்கவில்லை என்பது அந்த ஆய்வின் இன்னொரு செய்தி.

இரவில் நடப்பது பகலுக்குள் எப்படி ஒட்டிக்கொள்கிறது? 1992இல் யூஜின் ஃபிளெச்சர் எலிகளை நாளுக்கு ஏழு மணி நேரம், 35 நாட்கள், ஒட்சிசன் குறைந்தும் கூடியும் மாறும் காற்றில் வைத்தார். பரிசோதனைக் காற்று இல்லாத நேரத்திலும் அவற்றின் பிரஷர் உயர்ந்தே நின்றது. கரோட்டிட் சிற்றுறுப்பின் நரம்பை முன்கூட்டியே அறுத்துவிட்ட எலிகளுக்கு அது உயரவில்லை. 1997இல் டொராண்டோவில் நாய்களை வைத்து நடத்திய சோதனை எனக்கு இன்னும் பிடிக்கும். மூச்சுக்குழாயில் ஓர் அடைப்பானைப் பொருத்தி, நாய் தூங்கும்போதெல்லாம் மூச்சை அடைத்து, விழித்ததும் திறந்துவிட்டார்கள். சில வாரங்களில் இரவிலும் பகலிலும் பிரஷர் கூடியது. மறு கட்டத்தில் மூச்சை அடைக்காமல் சத்தம் போட்டு அதே அளவுக்குத் தூக்கத்தை மட்டும் கலைத்தார்கள். இரவில் கூடியது, பகலில் கூடவில்லை. தூக்கம் கெடுவது வேறு, மூச்சு நிற்பது வேறு என்பது இதைவிடத் தெளிவாக எங்கும் காட்டப்படவில்லை. மூச்சடைப்பை நிறுத்தியதும் அந்த நாய்களின் பிரஷர் மெல்ல மெல்லப் பழைய நிலைக்கு வந்தது.

எல்லா நேரமும் அப்படித் திரும்பி வருமா என்பது வேறு கதை. இந்தியாவில் பிறந்து சிகாகோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றும் நந்தூரி பிரபாகர், கரோட்டிட் சிற்றுறுப்பையே வாழ்நாள் ஆய்வாகக் கொண்டவர். அவருடைய குழு எலிகளில் கண்டது: பத்து நாள் ஒட்சிசன் ஏற்ற இறக்கத்தின் விளைவு, நல்ல காற்றில் விட்டால் மறைகிறது. முப்பது நாள் பட்டவற்றில் மறையவில்லை. அந்த எலிகளில் சில மரபணுக்களை அடைத்துவைக்கும் இரசாயனக் குறிகள் டி.என்.ஏ.யில் பதிந்துபோயிருந்தன. எலியின் முப்பது நாளை மனிதனின் ஆண்டுகளாக மாற்றுவதற்கு நேர் சூத்திரம் கிடையாது. இருந்தாலும், இருபது வருடமாகக் குறட்டை விட்டவருக்கு ஒரே மாதத்தில் பிரஷர் இறங்கிவிட வேண்டுமென்று யாரும் எதிர்பார்க்காமலிருக்க இது உதவும்.

இனி நாடிச் சுவர். நாடியின் உட்புறம் ஒரே ஓர் உயிரணு கனத்தில் ஒரு படலம் இருக்கிறது. அது விடும் நைட்ரிக் ஒட்சைட்டு என்ற வாயு சுவரைத் தளர்த்துகிறது. இரத்த அணுக்கள் சுவரில் ஒட்டாமலும் பார்த்துக்கொள்கிறது. 1998ஆம் ஆண்டு நோபல் பரிசு இந்தக் கண்டுபிடிப்புக்குத்தான். ஒட்சிசன் இறங்கி இறங்கித் திரும்பும் ஒவ்வொரு முறையும் அடங்காத ஒட்சிசன் மூலக்கூறுகள் பிறந்து இந்த வாயுவைத் தின்றுவிடுகின்றன. படலம் ஒட்டும் தன்மை பெறுகிறது. வெள்ளணுக்கள் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைகின்றன. கொழுப்பு படிவதற்கு வாசல் திறக்கிறது. நடுச்சுவரிலோ, நூறு, இருநூறு அழுத்த எகிறல்களை ஒவ்வொரு இரவும் தாங்கி இழுபடும் மீள்நார்கள் அறுந்துபோக, அந்த இடத்தை வளையாத கொலாஜன் பிடித்துக்கொள்கிறது. கேகாலைப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு வெயிலில் கிடந்து விறைத்துப்போன சைக்கிள் டியூப் தெரியும். நாடிக்கு ஆவது ஏறக்குறைய அதுதான்.

விறைத்த நாடியில் இதயத் துடிப்பின் அலை வேகமாக ஓடும். கழுத்துக்கும் தொடைக்கும் இடையே அது விநாடிக்கு 10 மீற்றருக்கு மேல் ஓடினால் நாடி கெட்டிருக்கிறது என்று கொள்வார்கள். வேகமாகப் போன அலை வேகமாகவே எதிரொலித்துத் திரும்பி, இதயம் இரத்தத்தைத் தள்ளிக்கொண்டிருக்கும்போதே அதை எதிர்த்து முட்டும். இதயச் சுவர் தடிக்கும். மூளையிலும் சிறுநீரகத்திலும் உள்ள மெல்லிய குழாய்களுக்கு அடி நேராகப் போகும். பிரேசிலின் சாவோ பாலோவில் லூசியானோ டிராகெர் குழு 2005இல், பிரஷரோ சீனியோ இல்லாத, கடுமையான உறக்க மூச்சுத்தடை மட்டும் உள்ள நடுவயதினரைச் சோதித்தது. கழுத்து நாடிச் சுவர் தடித்திருந்தது, அலை வேகமும் கூடியிருந்தது. 2007இல் அதே குழு 24 பேரை இரண்டாகப் பிரித்து ஒரு பாதிக்கு நாலு மாதம் சிகிச்சை கொடுத்தபோது இரண்டு அளவுகளும் குறைந்தன. சிறிய ஆய்வு. ஆனால் நாடிக்குத் திரும்பும் வழி கொஞ்சம் இருக்கிறது என்று சொல்லும் ஆய்வு.

மாரடைப்பும் திடீர் மரணமும் பொதுவாக விடிந்த பிறகு, காலை ஆறு முதல் நண்பகலுக்குள் கூடுதலாக நடப்பவை. அமெரிக்காவின் மேயோ கிளினிக் 2005இல் வெளியிட்ட கணக்கில், உறக்க மூச்சுத்தடை இருந்து இதயக் கோளாறால் திடீரென்று இறந்தவர்களில் 46 சதவீதத்தினர் நள்ளிரவுக்கும் காலை ஆறுக்கும் இடையில் இறந்திருந்தார்கள். அந்த நோய் இல்லாதவர்களில் அது 21 சதவீதம். "படுத்தவர் எழும்பவில்லை" என்று நம் தோட்டங்களில் சொல்லும் சாவுகளில் சிலவற்றுக்கேனும் இங்கே ஒரு விளக்கம் இருக்கலாம்.

இது கொழுத்த பணக்காரனின் நோய் அல்லவா, கொழுந்து பறிக்கிறவளுக்கும் பால் வெட்டுகிறவனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். அந்த எண்ணத்துக்கு ஓர் இலக்கியப் பூர்வீகம் உண்டு. டிக்கன்ஸின் பிக்விக் நாவலில் நின்ற இடத்திலேயே தூங்கி விழும் ஜோ என்ற தடித்த பையன் வருவான். 1956இல் அமெரிக்க மருத்துவர்கள் ஒரு நோய்க்கு அந்த நாவலின் பெயரையே வைத்தார்கள். படம் மனதில் பதிந்துவிட்டது. உடல் எடை முக்கியக் காரணம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் ஆசிய முகங்களில் தாடை சற்று உள்வாங்கியிருப்பதால், ஐரோப்பியர் அளவுக்குப் பருக்காமலே தொண்டை அடைபட முடியும். மும்பை இந்துஜா மருத்துவமனையின் சரீர் உத்வாடியா குழு 2004இல் 35 முதல் 65 வயது நகர ஆண்களைப் பரிசோதித்தபோது, 19.5 சதவீதத்தினரிடம் தூக்கத்தில் மூச்சுக் கோளாறு இருந்தது. பகல் தூக்கமயக்கமும் சேர்ந்தவர்கள் 7.5 சதவீதம். மும்பை ஆபீஸ்காரரின் எண்ணை இறக்குவானை மலைக்குத் தூக்கி வருவது தவறு. அங்கே இந்த நோய் கிடையாது என்று நினைப்பதும் தவறு. நடுவயது தாண்டி எடை கூடியவர்கள் தோட்டத்திலும் இப்போது அரிதில்லை.

தோட்ட வாழ்க்கைக்கே உரிய சில விஷயங்கள் இதைக் கூட்டக்கூடியவை. முதலில் உப்பு. ரொட்டியும் கட்டச்சம்பலும், கருவாடும் நெத்தலியும் வேலைக்காரர் வயிற்றைத் தாங்குபவை, உப்பில் நனைந்தவை. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. உப்பு நீரைப் பிடித்துவைக்கும். பகல் முழுக்க நின்றால் நீர் காலில் தங்கும். படுத்ததும் அது கழுத்தை நோக்கி நகரும். டொராண்டோவின் டக்ளஸ் பிராட்லி குழு 2009இல், பருமன் இல்லாத ஆண்களிடம், இரவில் காலைவிட்டு நகரும் நீர் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவுக்கு மூச்சுத்தடையும் கூடுவதைக் காட்டியது. கழுத்தில் சேரும் நீர் தொண்டையைச் சுற்றிலும் நெருக்குகிறது. காலை முதல் மாலை வரை சரிவில் நின்று, சாயங்காலம் கால் வீங்கிக் காம்பராவுக்குத் திரும்பும் பெண்களிடம் இதைச் சோதித்துப் பார்க்க ஓர் ஆய்வாளர் வர வேண்டும்.

அடுத்தது சம்பள நாளின் கசிப்பு. மது தொண்டைத் தசையைத் தளர்த்துவதோடு மூளை விழித்துக் காப்பாற்றுவதையும் தாமதப்படுத்துகிறது. சாதாரணக் குறட்டைக்காரரை அன்றிரவு மூச்சுத்தடைக்காரர் ஆக்கிவிடும். பிறப்பு எடைக்கும் ஒரு பங்கு உண்டு. எடை குறைந்து பிறப்பவர்களுக்குப் பிற்காலத்தில் பிரஷரும் இதய நோயும் கூடுதல் என்பதை இங்கிலாந்தின் டேவிட் பார்க்கர் 1989இல் இருந்தே எடுத்துக்காட்டினார். இலங்கையில் எடை குறைந்த பிறப்பு அதிகமுள்ள பகுதி தோட்டப்புறம். நாடிகள் முன்பே நலிந்தவர்கள் மேல்தான் இரவின் அடியும் விழுகிறது.

களைப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1916இல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் சுகாதாரக் குழு இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியது. அதுவரை தோட்டத்து ஆளின் சோம்பல் என்று துரைமார் கருதிய சோர்வில் ஒரு பங்கு, குடலில் இரத்தம் குடித்த புழுவின் வேலை என்று தெரியவந்தது. அன்றைய பாடம் இன்றைக்கும் செல்லும். சாப்பாட்டு நேரத்தில் மலையிலேயே கண் செருகுகிறவள், காலையில் தலை கனத்து எழும்பி, வேலை பிரிக்கும் பிரட்டுக்குப் பிந்துகிறவள், கிலோ குறைந்து அரைப் பேர் (அரைநாள் சம்பளம்) வாங்குகிறவள். கங்காணிக்கு அது சோம்பல். டிஸ்பென்சரியில் அது இரத்தச்சோகை, பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். இரும்புச்சத்துக் குளிசை கொடுத்தும் தெளியாதவளிடம் தூக்கத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்கலாம். பெண்களில் இந்த நோய் குறட்டையைவிடக் களைப்பாகவும் தலைவலியாகவும் தூக்கமின்மையாகவும் முகம் காட்டும். மாதவிடாய் நின்றபிறகு ஆபத்து வேகமாகக் கூடும். புருஷனின் குறட்டை லயத்துக்கு வேடிக்கை. பெண்சாதியின் குறட்டை வெட்கம். வெட்கப்பட்ட விஷயம் கிளினிக்குக்குப் போவதில்லை.

மருத்துவர்கள் பயன்படுத்தும் கேள்வித்தாள்களும் நமக்குத் தைத்த சட்டை அல்ல. 1991இல் மெல்பர்னில் உருவான எப்வர்த் அளவுகோல், டிவி பார்க்கும்போது, புத்தகம் வாசிக்கும்போது, காரில் பயணியாக உட்கார்ந்திருக்கும்போது தூக்கம் வருமா என்று கேட்கும். விழித்திருக்கும் நேரமெல்லாம் நின்றுகொண்டே இருப்பவருக்கு இதில் என்ன மதிப்பெண் போடுவது?

மொழியும் குறுக்கே நிற்கிறது. நுவரெலியாவைப் போலல்லாமல், இரத்தினபுரியும் கேகாலையும் அடங்கிய சப்ரகமுவையின் தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கின்றன. ஆஸ்பத்திரியில் பேச்சு பெரும்பாலும் சிங்களத்தில். நெஞ்சுவலி, தலைசுற்றல் என்பவற்றை இருக்கும் சிங்களத்தில் சொல்லிவிடலாம். குறட்டை நடுவில் நிற்கிறது, பிறகு திணறி எழும்புகிறார் என்று விவரிக்க இன்னும் கொஞ்சம் மொழி வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல், கேள்வி கேட்கப்படும் ஆளே தவறான ஆள். நோயாளி தூங்கிக்கொண்டிருந்தவர், அவருக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தவர் அந்த நேரம் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருப்பார். ஆகவே வீட்டில் யாராவது போனில் இரண்டு நிமிடம் வீடியோ எடுத்துக்கொண்டு போய்க் காட்டுவது நல்ல வழி. குறட்டை, அமைதி, திணறல் எல்லாம் அதில் இருக்கும், மொழிபெயர்ப்பு தேவைப்படாது.

முழுப் பரிசோதனைக்கு உடம்பெல்லாம் கம்பி பொருத்தி ஓர் இரவு ஆஸ்பத்திரியில் தூங்க வேண்டும். அதற்கான வசதி பெரிய ஊர்களில்தான். ஆனால் கொவிட் காலத்தில் பரவலான விரல்நுனி ஒட்சிமீற்றரில், இரவு முழுக்கப் பதிவுசெய்யும் வகையும் உண்டு. ஒட்சிசன் 95இலிருந்து 80க்குச் சரிந்து ஏறும் கோடு இரவெல்லாம் திரும்பத் திரும்ப வந்தால் நோய் இருப்பதற்கு அது வலுவான சான்று. பகலில் விழித்திருக்கும்போது விரலில் மாட்டி 98 என்று பார்ப்பதால் ஒரு பயனும் இல்லை. வீடு தேடிப் போய்ப் பிரஷர் பார்க்கும் முறை இந்த நாட்டுக்குப் புதிதல்ல. இலங்கை, பாகிஸ்தான், பங்களாதேஷ் கிராமங்களில் 2,645 பேரை வைத்து நடத்தி 2020இல் வெளியிட்ட ஆய்வில், களச் சுகாதாரப் பணியாளர்கள் வீட்டுக்கே போய் அளந்து ஆலோசனை சொன்ன இடங்களில், இரண்டு ஆண்டில் பிரஷர் மற்ற இடங்களைவிட 5 அலகு கூடுதலாக இறங்கியிருந்தது. அப்படிப் போகிறவர்கள், பக்கத்தில் படுப்பவரிடம் கேட்கும் ஒரு கேள்வியையும் சேர்த்துக்கொண்டால் செலவு எதுவும் கூடாது.

கண்டுபிடித்த பிறகு என்ன செய்வது? 1981இல் சிட்னியின் கொலின் சலிவன், காற்றை மெல்லிய அழுத்தத்தோடு மூக்குக்குள் செலுத்தித் தொண்டையைத் திறந்தே வைத்திருக்கும் கருவியை அறிவித்தார். அதற்கு முன் கடுமையான நோயாளிகளுக்குக் கழுத்தில் துளையிடுவதே வழி. சீபாப் என்ற அந்தக் கருவி மூச்சுத்தடையை அன்றிரவே நிறுத்தும். பிரஷரை இறக்குமா? சராசரியாக இரண்டு மூன்று அலகுதான். மூன்று குளிசைக்கும் மசியாத பிரஷர் உள்ள 194 பேரிடம் ஸ்பெயினில் செய்து 2013இல் வெளிவந்த ஆய்வில் 24 மணி நேரச் சராசரி 3 அலகு இறங்கியது. இரவுச் சரிவு மீண்டவர்களும் கூடினார்கள். ஆனால் 2,700 பேருக்கு மேல் சேர்ந்த சேவ் ஆய்வு 2016இல், மாரடைப்பையும் பக்கவாதத்தையும் சீபாப் குறைக்கவில்லை என்று சொல்லிப் பலரை ஏமாற்றத்தில் ஆழ்த்தியது. அதில் கலந்துகொண்டவர்கள் கருவியை இரவுக்குச் சராசரி 3.3 மணி நேரமே மாட்டியிருந்தார்கள். பாதி இரவு நாடி பழையபடியே அடிபட்டிருக்கிறது. கருவி பயனற்றது என்பதைவிட, முகத்தில் முகமூடி மாட்டித் தூங்குவது கஷ்டம் என்பதே எனக்கு அந்த ஆய்வு சொல்லும் செய்தி. நம் ஊரில் இன்னொரு கஷ்டம் விலை. கருவி இலட்சக்கணக்கில். தோட்டத்தின் அடிப்படை நாட்சம்பளம் 2024 செப்டம்பரில்தான் 1,350 ரூபாய் ஆனது.

கருவி கிடைக்காதவருக்கும் செய்ய முடிந்தது உண்டு. மல்லாந்து படுத்தால் நாக்கு பின்னால் சரியும். பலருக்குப் பக்கவாட்டில் படுத்தாலே மூச்சுத்தடை பாதியாகும். சட்டையின் முதுகில் ஒரு பந்தை வைத்துத் தைத்துக்கொள்வது வேடிக்கையாகத் தோன்றினாலும் மருத்துவர்களே சொன்ன பழைய உபாயம். எடை குறைந்தால் நோயும் குறையும். இரவில் கசிப்பை விட வேண்டும். தூக்கக் குளிசையை மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. லொறியும் ஆட்டோவும் ஓட்டுகிறவர்கள் இந்த நோயை மறைப்பது வளைவுகள் நிறைந்த மலைப்பாதையில் மற்றவர் உயிரோடும் விளையாடுவது.

பிரஷர் குளிசையை நிறுத்தவே கூடாது, இரவில்தான் பிரஷர் ஏறுகிறது என்று தெரிந்தாலும். 2018இல் வெளியான, இலங்கை ஆஸ்பத்திரிகளில் 700 பேரிடம் நடத்திய ஆய்வில், மூன்று மருந்துகளைக் குறைந்த அளவில் சேர்த்த ஒரே குளிசை கொடுத்தபோது ஆறு மாதத்தில் 70 சதவீதத்தினர் இலக்கை எட்டினார்கள். வழக்கமான சிகிச்சையில் 55 சதவீதம். அப்படியானால் குளிசையை இரவில் குடிக்கலாமா என்ற கேள்வி வரும். பிரித்தானியாவில் 21,000 பேருக்கு மேல் பங்கெடுத்து 2022இல் முடிவு வெளியான ஆய்வு, காலையில் குடித்தவர்களுக்கும் இரவில் குடித்தவர்களுக்கும் மாரடைப்பிலோ பக்கவாதத்திலோ சாவிலோ வித்தியாசம் காணவில்லை. பிரட்டுக்குப் போகுமுன் மறக்காது என்றால் காலையில், இராச்சாப்பாட்டோடு ஞாபகம் வரும் என்றால் அப்போது, மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு. சிறுநீரைக் கூட்டும் வகைக் குளிசை மட்டும் காலையில் இருக்கட்டும்.